மலைவீடும் மின்காப்பும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கு இரு பருவமழைகளும் உண்டு. மழை ஓய்ந்தால் மூடுபனி. மார்கழி, தை மாதங்களில் உறைபனி. சுவர் வியர்க்கும், குளியலறைத் தரை காய்வதே இல்லை. குளிருக்கு அஞ்சி அதே அறையில் வெந்நீர்க் கீசரையும், அடுத்த அறையில் ஹீட்டரையும் மாட்டுகிறோம். ஈரமும் மின்சாரமும் இவ்வளவு நெருங்கி வாழும் மலையில், சமவெளியின் மின்காப்பு முறைகள் மட்டும் போதா.

தெருமுனை மின்மாற்றி, 11,000 வோல்ட் அழுத்தத்தைக் குறைத்து, நமக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. இது நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். பேஸ் கம்பி வழியே வரும் மின்னோட்டம், கருவியில் வேலை செய்துவிட்டு நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. அந்த நியூட்ரல், மின்மாற்றியின் அடியில் மண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மண்ணும் ஒரு திரும்பும் வழியே. தரையில் நிற்பவர் பேஸ் கம்பியைத் தொட்டால், அவர் உடலே சுற்றை நிறைவு செய்கிறது.

கொல்லுவது உடலினூடே பாயும் மின்னோட்டத்தின் அளவும் நேரமும் ஆகும். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியரையே கை உணரும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகும். பிடித்த பிடியை விட முடியாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலையலாம். நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். அப்போது 230 வோல்ட், 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும்.

இதைத் தடுக்கவே கருவியின் உலோகக் கூட்டை எர்த் கம்பியால் மண்ணோடு இணைக்கிறோம். கசிவு நேர்ந்தால் பெருமின்னோட்டம் மண்ணுக்குள் பாய்ந்து, பியூஸை உருக்க வேண்டும், அல்லது எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பான் விழ வேண்டும். கொடைக்கானல் அமைந்த பழனி மலையின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. பல சரிவுகளில் மேல்மண் சில அடியே, அதன்கீழ் கடும்பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வீட்டின் எர்த் 35 ஓம், மின்மாற்றியின் எர்த் 5 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 40-ஆல் வகுத்தால், பாய்வது ஏறத்தாழ 6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைப் பொருட்படுத்தாது. கீசரின் கூடோ 200 வோல்ட் அழுத்தத்தில் காத்திருக்கும். பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. மனிதரைக் காக்க அவை வடிவமைக்கப்படவில்லை.

மனிதரைக் காப்பது மின்கசிவு தடுப்பான். கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். அதனுள்ளே ஒரு வளையக் காந்த உள்ளகத்தினூடே பேஸும் நியூட்ரலும் செல்கின்றன. போன மின்னோட்டம் முழுதும் திரும்பினால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பகுதி உடல்வழியோ சுவர்வழியோ மண்ணுக்குப் போனால் சமநிலை குலையும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பு அறுபடும். பாறைமண்ணின் பலவீனம் இதைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆயினும் ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்து, மண்ணிலிருந்து பிரிந்து நின்றால் இது உதவாது. கம்பியைக் காக்க எம்.சி.பி.யும், கசிவை மண்ணுக்குக் கடத்த எர்த்தும் இதனுடன் இருக்கவே வேண்டும்.

எர்த்துக்கான குழாய் இறங்காத பாறை நிலத்தில், ஈரம் தங்கும் தாழ்வான இடமாகப் பார்த்து நீண்ட உலோகப் பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். கோடையில் மண் உலர்ந்திருக்கும்போது எர்த்தின் தடையை அளந்து பார்ப்பதே உண்மை நிலையைக் காட்டும். ஹீட்டரை மாட்டும் இடத்தையும் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் நீட்டிப்புப் பலகையில் அதை மாட்டினால் பிளக் கருகும், தீயும் பற்றலாம்.

வீட்டுக்கு வெளியிலும் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. அறுந்து கிடக்கும் கம்பியைச் சுற்றிய ஈரமண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். அருகில் நிற்க நேர்ந்தால் கால்களை அகட்டாமல், ஒட்டியவாறே சிற்றடி வைத்து விலகுங்கள். விலகியதும் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 எண்ணில் தெரிவியுங்கள். காட்டுமாட்டுக்கு அஞ்சித் தோட்ட வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது குற்றம். அது விலங்கையும் கொல்லும், இரவில் வரப்பில் நடக்கும் மனிதரையும் கொல்லும்.

மின்கசிவு தடுப்பானில் 'டி' என்று பொறித்த சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். இணைப்பு உடனே அறுபட வேண்டும். அறுபடாவிட்டால் அன்றே மாற்றுங்கள். தடுப்பானே இல்லாத வீடாயின், அடுத்த மழைக்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் பொருத்திவிடுங்கள்.