பழைய செப்புச் சதம் என்ன விலை பெறும்?

கண்டியிலிருந்து வத்தேகமை, பன்விலை வழியாக மடுல்கெல்லத் தோட்டங்களுக்குச் செல்லும் வாசகர்கள், அங்குள்ள பழங்குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் கறுத்துப்போன செப்புச் சதங்கள் சிலவற்றைக் காணக்கூடும். “பாட்டன் காலத்துக் காசு; இலட்சக்கணக்கில் பெறும்” என்று பேசிக்கொள்வோர் உளர். பழைய பித்தளை, செம்பு வாங்க வருபவரோ அதனைத் தராசில் போட்டு எடைக்குக் கேட்கிறார். இவ்விரண்டில் எது உண்மை?

இந்தியாவின் வெள்ளி ரூபா 1869-ஆம் ஆண்டில் இலங்கையின் சட்டபூர்வமான நாணயமாயிற்று. மலைநாட்டைப் பின்னர் பாழாக்கிய கோப்பி இலைநோய் இங்கே முதன்முதல் காணப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1872 முதல் ரூபா நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. இதற்கென 1870 என்ற ஆண்டு பொறித்து அடிக்கப்பட்ட செப்புக் காசுகளில் ஒருபுறம் விக்டோரியா மகாராணியாரின் தலையும், மறுபுறம் பனையினத்து மரமொன்றும், சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் விளங்கும். அக்காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. இன்றும் எளிதிற் கிடைப்பவை. ஆகவே இலட்சம் என்பது வெறுங் கனவே.

பழமை ஒன்றே விலையைத் தந்துவிடாது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. தேய்ந்துபோன அவற்றிற் பல இன்றும் பெருவிலை பெறுவதில்லை. மாறாக, 1933-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பென்னியோ பெருநிதிக்கு விலைபோவது. புழக்கத்தில் பென்னிகள் போதிய அளவு இருந்தமையால் அவ்வாண்டில் மிகச் சிலவே அடிக்கப்பட்டன; ஏழு வரையில்தான் இருப்பதாக அறியப்படுகிறது. அருமையே விலை.

எடைக்கு விற்பதும் இலாபமன்று. பழைய சதத்தின் எடை 4.72 கிராம். ஒரு கிலோ செம்பு சேர ஏறத்தாழ 212 சதங்கள் வேண்டும். 1942-இல் யுத்த நெருக்கடியால் எடை பாதியாக்கப்பட்ட மெல்லிய சதங்களாயின், அதைப்போல் இருமடங்கு வேண்டும். ஐந்தாறு காசு வைத்திருப்பவருக்கு என்னதான் கிடைக்கும்?

அச்சதம் புழங்கிய காலத்தில் அதன் மதிப்பு வேறு. 1929-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிப்படி, மேல்மலைத் தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்த ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். ஒரு சதம் போய்விட்டால் அவள் உழைப்பில் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு போயிற்று. பாட்டி அதனை முந்தானையில் முடிந்து வைத்ததன் காரணம் விளங்குகிறதன்றோ?

வீட்டிலுள்ளோர் செய்யும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. விருந்தினருக்குக் காட்டுமுன் பழம்புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைப்போல் காசைத் துலக்கிவிடுகிறார்கள்! செம்பின் மேல் ஆண்டுக்கணக்கிற் படர்ந்த பழுப்பு நிறமே காசின் தோல். புளியின் அமிலம் அதனை அரித்துவிடும். சாம்பல் எழுத்தின் விளிம்பைத் தேய்த்துவிடும். பளபளக்கும் அக்காசைச் சேகரிப்போர் கண்டதும் ஒதுக்கிவிடுவர். முடியிழையும் எழுத்தும் கூர்மையாகத் தெரியும் ஒரு சதம், தேய்ந்த பல சதங்களினும் மேலானது. எனவே காசை விளிம்பிற் பிடித்துப் பாருங்கள். உலர்ந்த காகித உறையிலே தனித்தனியே இடுங்கள். அது போதும்.

பெட்டியைக் கிளறும் மாணவர்கள் அரசர் தலையில்லாத வில்லைகளையும் கவனிக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் கொழும்பு ஆலைகள் சில, கோப்பி தெரிந்தெடுக்கும் தொழிலாளருக்குக் கூலிக் கணக்காகத் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வழங்கின. அவை சதத்தைவிட மிக அரியவை. காசென்று தோன்றாமையால் குப்பைக்குப் போனவை எத்தனையோ!

கொட்ரிங்டன் 1924-இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது. கொழும்பு கோட்டையிலே மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தில் பழங்காசுகளை நேரிற் காணலாம். அங்கே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, வாசலில் தராசுடன் நிற்பவருக்கு விடை சொல்ல அவசரப்பட வேண்டாம்.