துடைப்பதும் நொதியின் வேலைதான்

திருத்தணியில் பதினொன்றாம் வகுப்புக்கு நொதிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "நொதி என்பது வினையின் வேகத்தைக் கூட்டுவது" என்று எழுதியதும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க மாமாவுக்கு மூளையில கட்டி. கட்டி வளராம தடுக்கிற நொதி ஒண்ணு இருக்குன்னு படிச்சேன். வேகத்தைக் கூட்டுறது எப்படித் தடுக்கும்?"

நியாயமான கேள்வி. தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரும் வகுப்பு எங்களுடையது. அதனால் விளக்கத்தைவிடச் செயல்பாடே எடுபடும் என்று கரும்பலகையைப் பயன்படுத்தினேன்.

ஒரு மாணவர் சாக்பீஸால் புள்ளிகள் வைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் டஸ்டரால் துடைத்தார். பலகையில் புள்ளி இருக்கும்வரை மூன்றாமவர் "வளர், பிரி" என்று சொல்ல வேண்டும்.

செல் சவ்வின் உட்புறத்தில் நடப்பதும் இதுதான். வளர்ச்சிச் செய்தி வந்ததும் பிஐ3கே என்ற நொதி, சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதுவே புள்ளி. அதைக் கண்டு ஏகேடி என்ற நொதி செல்லை வளரச் சொல்கிறது. பிடென் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. இதன் மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டை நீக்குவதே இதன் வேலை என்பது 1998இல் தெரிந்தது. ஆக, பிடெனும் ஒரு வினையை வேகப்படுத்தவே செய்கிறது. அந்த வினை, செய்தியைத் துடைப்பது. விளைவுதான் தடுப்பு.

டஸ்டரை வாங்கிக்கொண்டேன். பலகை நிரம்பியது, "வளர், பிரி" நிற்கவில்லை.

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவில், பிடென் மரபணு அமைந்த 10ஆம் குரோமோசோமில் இழப்பு பெரும்பாலும் காணப்படுகிறது. மிகையாகச் செயல்படும் நொதியை மருந்தால் அடக்கலாம். இல்லாமல் போன நொதியைத் திரும்பத் தருவது கடினம். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு, மருந்துகள் பலவற்றை உள்ளே விடுவதும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமாரவேல் சோமசுந்தரம் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களுடன் இணைந்து இக்கட்டியின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்துள்ளனர்.

வகுப்பு முடிந்தபின் அந்த மாணவி தனியாக வந்தாள். "எங்களுக்கும் வருமா சார்?" அவளுடைய உண்மையான கேள்வி இதுதான். "இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டும், வாழ்நாளில் ஏற்படுவது, பரம்பரையாக வருவது அரிது. மாமாவுக்கு என்ன வகைக் கட்டி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

நொதிப் பாடம் நடத்தும்போது டஸ்டரையும் கையில் எடுங்கள். கேள்விக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.