ஈரத்துக்கும் ஒரு கணக்கு

போன சித்திரையில் எங்க காவிரிக்கரைத் தோட்டத்துப் பூவன் தார் விலை போகல. பழத்தை உரித்து, நறுக்கி வெயிலில் போட்டேன். மேலே இறுகிவிட்டது, உள்ளே ஈரம். பத்தே நாளில் பூஞ்சணம்! அடுத்ததைக் கைலாசபுரம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தேன். ஓரம் கருகல், நடுவில் கொழகொழ.

ஏன் இப்படி? வெயில் வெளியிலிருந்து உள்ளே சுடும். மைக்ரோவேவ் அலையோ (2,450 மெகாஹெர்ட்ஸ்) பழத்துக்குள் புகுந்து அங்கிருக்கும் தண்ணீரையே சூடாக்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழாது. தண்ணீர் வற்றிய இடத்தில் சர்க்கரை கருகும். அதனால்தான் உணவுப் பொறியாளர்கள், சூடும் ஈரமும் நொடிக்கு நொடி எப்படி மாறும்னு கணினியில் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நமக்குத் தராசு போதும். பேங்க்கில் இருந்தவன் சொல்றேன், அசலைப் பிடிங்க! உரித்த பழம் ஒரு கிலோவில் 75 சதவீதம் தண்ணீர்னா, அசல் 250 கிராம். அது மாறாது, போவதெல்லாம் தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கணும்னா எடை சுமார் 312 கிராமுக்கு வரணும்.

முதலில் வெயில். கடைசி ஈரத்துக்கு மட்டும் மைக்ரோவேவ்: குறைந்த சூட்டில் அரை நிமிஷம், பிறகு இரண்டு நிமிஷம் ஓய்வு. உள் ஈரம் வெளியே வர அவகாசம் வேணுமே! ஒவ்வொரு தடவையும் எடை போட்டு எழுதுங்க. சந்தேகம்னா, தாயனூர் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம்ம திருச்சியிலேயே இருக்கு, போய்க் கேளுங்க.

எடை இறங்காத பழத்தை மட்டும் டப்பாவில் அடைக்காதீங்க.