யூடியூப் வருது, பேங்க் சைட் மட்டும் வரல!

2021 செப்டம்பர் 30. இந்திய நேரப்படி இரவு ஏழரை மணி. உலகம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சில இணையதளங்கள் மட்டும் திறக்க மறுத்தன. மற்ற தளங்கள் வழக்கம்போல வந்தன. நெட் இருந்தது, வைரஸ் இல்லை, யாரும் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்து வழிமறித்தது.

பாதுகாப்பான இணைப்பில் திறக்கும் எந்தத் தளமும், 'நான் இன்னார்தான்' என்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதில் கையெழுத்திட்டது நம்பத்தக்க நிறுவனமா என்று சரிபார்க்க, கம்ப்யூட்டருக்குள் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று உண்டு. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு, தொடக்க காலத்தில் வேறொரு நிறுவனத்தின் மூலச் சான்றிதழைச் சார்ந்திருந்தது. அன்று காலாவதியானது அதுதான். அமைப்பின் சொந்த மூலச் சான்றிதழைப் பெற்றிருந்த புதிய கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஓஎஸ் 9-க்கு மேல் போக முடியாத ஐபோன் 4எஸ், வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத விண்டோஸ் 7 போன்றவை மாட்டிக்கொண்டன. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் தப்பியது தனிக்கதை. மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதே இல்லை! அந்த அலட்சியத்தையே பயன்படுத்தி லெட்ஸ் என்க்ரிப்ட் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒரே கம்ப்யூட்டரில், குரோமில் வராத தளம் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது. குரோம் அப்போது விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலை நம்பியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸோ தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்கிறது. 'வேற பிரவுசர்ல போட்டுப் பாருங்க' என்று சொல்வதில் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

சான்றிதழ்த் தகராறுக்கு இதைவிடச் சாதாரணமான காரணம், கம்ப்யூட்டரின் கடிகாரம். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பட்டன் செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், ஸ்விட்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஏதோ ஒரு வருடத்துக்கு ஓடிவிடும். 2015-ல் இருப்பதாக நினைக்கும் கம்ப்யூட்டருக்கு, போன மாதம் வழங்கிய சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை. அதனால் தளத்தை உள்ளே விடாது. இதற்குப் போய் 'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்பவர்கள் உண்டு. எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் செல் மாறாது. பிரவுசரைக் குறை சொல்லும் முன் திரையின் ஓரத்தில் இருக்கும் தேதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எச்சரிக்கைக்குப் பதிலாக 'சர்வரின் ஐபி முகவரி கிடைக்கவில்லை' என்று வந்து, அடியில் பொடி எழுத்தில் 'என்எக்ஸ்டொமைன்' என்று இருந்தால் சிக்கல் வேறிடத்தில். போனில் பெயரைத் தட்டினால் எண்ணுக்கு அழைப்பு போவதுபோல, தளத்தின் பெயருக்கு உரிய ஐபி எண்ணை பிரவுசர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதைத் தேடித் தருபவை டிஎன்எஸ் சர்வர்கள். வழக்கமாக நெட் தரும் நிறுவனத்தின் சர்வர்தான் பதில் சொல்லும். தட்டச்சுப் பிழை இல்லை என்று உறுதியானால், கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எண்ணை செட்டிங்ஸில் போட்டுப் பார்க்கலாம். உடனே தளம் வந்துவிட்டால், கோளாறு பழைய டிஎன்எஸ் பக்கம்தான்.

அந்த செட்டிங்ஸில் ஏற்கெனவே ஏதோ அறியாத எண் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் 6 பேர் கைதானார்கள். அவர்களுடைய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சு நிரல், 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் எண்ணை அவர்களின் சர்வருக்கு மாற்றியிருந்தது. அந்த சர்வர்களை அப்படியே அணைத்தால் அத்தனை பேருக்கும் தளங்கள் திறக்காமல் போகும். அதனால் அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு, அவற்றின் இடத்தில் வைத்த சுத்தமான சர்வர்கள் 2012 ஜூலை 9 வரை ஓடின!

ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் வரவில்லை என்றால் அதுவே ஒரு துப்பு. 2008-ல் பரவிய கான்ஃபிக்கர் புழு அப்படித்தான் செய்தது. அதைப் பிடிக்க நிபுணர்கள் ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். பெயர், கண் பரிசோதனை அட்டை. மேல் வரிசைப் படங்கள் பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களிலிருந்தும், கீழ் வரிசைப் படங்கள் வேறு தளங்களிலிருந்தும் வரும். கீழ் வரிசை மட்டும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

குக்கீயும் எக்ஸ்டென்ஷனும் செய்யும் சில்லறைத் தொந்தரவுகளை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். வீட்டு வைஃபையில் வராத தளம் மொபைல் டேட்டாவில் வந்தால், ரூட்டரையோ நெட் நிறுவனத்தையோ சந்தேகிக்கலாம்.

எதிலுமே வரவில்லையா? தளமே படுத்திருக்கலாம், அல்லது தடை இருக்கலாம். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அந்தப் பட்டியலில் சிக்கியது. இப்படி முடக்கும்போது சில நிறுவனங்கள் 'அரசு உத்தரவுப்படி' என்று அறிவிப்புக் காட்டும். சில, காரணமே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே திறக்கிறதா என்று கேட்பதுதான் விரைவான வழி.