காபி ஃபில்டரும் வீட்டுக்கார அண்ணாவின் வேப்பரைசரும்

பாதி படிச்சதும் "பையன் லண்டன் போய் கெட்டுப் போயிட்டான்"னு எங்க வீட்டுக்குப் போன் போட்டுடாதீங்க. முழுசா படிங்க :-)

ஈஸ்ட் ஹாம்ல நான் குடியிருக்கிற வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணா. சில வருஷத்துக்கு முன்னாடி கிடங்கு வேலையில முதுகுல அடிபட்டு, அன்னைலேர்ந்து நரம்பு வலி. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு கதவைத் தட்டினார். கையில குட்டி டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி.

"தம்பி, நீங்கள் மெஷின் படிப்புத்தானே படிக்கிறியள்? இதை ஒருக்காப் பாருங்கோ. இழுத்தால் காத்தே வருகுதில்லை."

அது வேப்பரைசர். காய்ந்த மூலிகையை எரிக்காம, சூடு மட்டும் காட்டி ஆவியா இழுக்கிற சாதனம். உள்ளே இருக்கிற மூலிகை கஞ்சாப் பூ. அண்ணா அந்த வார்த்தையை வாயால சொல்லவே இல்ல. "அந்த மருந்து"ன்னுதான் சொன்னார். டப்பாவில மருந்துக்கடை லேபிள், அவர் பேர், அளவு எல்லாம் ஒட்டியிருந்தது.

பிரிட்டன்ல 2018 நவம்பர் 1 முதல் இது சட்டப்படி கிடைக்குது. ஆனா சாதாரண ஜி.பி. தானா எழுதித் தர முடியாது, சிறப்பு மருத்துவர்தான் ஆரம்பிக்கணும். நாள்பட்ட வலிக்கு இதைக் கொடுக்கப் போதுமான ஆதாரம் இல்லைன்னு 2019ல நைஸ் அமைப்பு வழிகாட்டுதல் சொல்லிடுச்சு. அதனால என்.எச்.எஸ்.ல கிடைக்கிறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் தனியார் கிளினிக்தான். அண்ணாவும் சொந்தக் காசுலதான் வாங்குறார். பலன் இருக்கா இல்லையாங்கிறது அவரும் டாக்டரும் பேசிக்க வேண்டியது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அன்னைக்கு அவரால நேரா நிக்க முடியலை.

"இண்டைக்கு ஒரு நாள் பேப்பரில சுத்திப் பத்தினால் என்ன தம்பி? மருந்து ஒண்டுதானே?"

கேள்வி நியாயம்தான். ஆனா அதே 2018 விதியில தெளிவா இருக்கு: சீட்டு இருந்தாலும் புகைக்கக் கூடாது. ஆவியா இழுத்தா நோயாளி, பத்த வச்சா குற்றவாளி. நடுவுல நிக்கிறது இந்தக் குட்டிக் கருவி மட்டும்தான். இது பழுதானா மருந்து கையில இருந்தும் பிரயோஜனமில்ல. அதனாலதான் துடைக்கிற வேலையைப் பத்தி ஒரு முழுப் பதிவு!

கழட்டிப் பார்த்தேன். சிரிப்பு வந்துடுச்சு. எங்க வீட்டு பித்தளை காபி ஃபில்டர் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பொடி ரொம்ப நைஸா இருந்து, அழுத்தியும் வச்சா, டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. ஓட்டையில பழைய பிசுக்கு இருந்தா கேக்கவே வேணாம். இங்கேயும் அதே கதை. அண்ணா மாவு மாதிரி பொடிச்சு, விரலால அமுக்கி வச்சிருந்தார். மேல சல்லடையில பழுப்பா, தேன் மாதிரி பிசின். ஆவி குளிர்ந்து படியறதுதான் அது.

நான் செஞ்சது இதுதான்:

1. கருவியை அணைச்சு நல்லா ஆறவிட்டேன். அடுப்புப் பகுதியைச் சின்ன பிரஷ்ஷால தட்டிச் சுத்தம் பண்ணினேன்.

2. சல்லடையைத் தனியா எடுத்து, 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல அரை மணி ஊறப்போட்டேன். லேப்டாப் துடைக்க வாங்கி வச்சிருந்தேன், உதவிச்சு. கை கழுவுற சானிடைசர் ஜெல் வேண்டாம், அதுல வேற சமாச்சாரம் கலந்திருக்கும். அப்புறம் வெந்நீர்ல அலசி முழுசா காய வச்சேன். இது சட்டுனு தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைங்க, அடுப்புப் பக்கம் போகாதீங்க.

3. வாய் வைக்கிற பிளாஸ்டிக், ரப்பர் வளையத்துக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி போதும். ஆல்கஹால்ல ரொம்ப நேரம் ஊறினா ரப்பர் கெட்டுடும்.

4. அடுப்புக்குள்ள தண்ணியே விடக்கூடாது. பஞ்சுக் குச்சியை லேசா ஆல்கஹால்ல நனைச்சுத் துடைக்கலாம், அவ்வளவுதான். எல்லாம் காய்ஞ்ச பிறகு ஒரு தடவை வெறுமனே சூடாக்கணும்.

காத்து நல்லா வருது, ஆவி மட்டும் வரலையா? வெப்பநிலையைப் பாருங்க. சுமார் 180 முதல் 210 டிகிரி வரைதான் வழக்கம். அதுக்கும் மேல போனா கருகும், அப்புறம் புகைதான். வேகமா உறிஞ்சினாலும் குளிர்க்காத்து உள்ளே போய் சூடு இறங்கிடும். பழரசத்தை ஸ்ட்ராவில இழுக்கிற மாதிரி இல்லாம, மெதுவா. சூடே ஏறலையா? பாட்டரி, இல்லேன்னா சார்ஜ் ஓட்டையில சட்டைப்பை பஞ்சு. பாட்டரி உப்பியிருந்தா வீரம் காட்டாதீங்க, தூக்கிக் கடையில கொடுத்துடுங்க.

பன்னிரண்டே காலுக்கு ரவை பதத்துல பொடிச்சு, அமுக்காம நிரப்பிக் கொடுத்தேன். பின்பக்கத் தோட்டத்துக் கதவுகிட்ட நின்னு மெதுவா இழுத்தார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"ஒண்டு சொல்லட்டோ தம்பி? டொக்டர் மருந்தைத் தந்தவர், கடைக்காரன் மெஷினை வித்தவன். கழுவ வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்கு அதுதான் உறைச்சது. கையேடு பெட்டிக்குள்ளதான் இருந்தது. பொடி எழுத்து, இங்கிலீஷ், பிரிக்கவே இல்ல. இப்போ ஃப்ரிட்ஜ் மேல தமிழ்ல ஒரு தாள் ஒட்டியிருக்கேன்: ஒவ்வொரு தடவையும் பிரஷ், ஞாயிற்றுக்கிழமை சல்லடை. பக்கத்துல அம்மா அனுப்பின காபி ஃபில்டர். ஞாயிறு ரெண்டும் சேர்ந்தே கழுவப்படுது (தனித்தனி பாத்திரத்துலதாங்க!).

பி.கு: ஊருக்குப் போறவங்க கவனிங்க. இங்கத்த சீட்டு அங்க செல்லாது. இந்தியாவில 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சாப் பூ வச்சிருக்கிறது குற்றம். இ-சிகரெட் தடைச் சட்டம் 2019ல வந்துச்சு, சூடாக்கி ஆவி இழுக்கிற கருவிகளும் அதுக்குள்ள வரும். சல்லடையில மிச்சம் ஒட்டின கருவியைப் பெட்டியில போட்டுக்கிட்டு சென்னையில இறங்காதீங்க. இலங்கைக்குப் போற அண்ணாமாருக்கும் இதேதான்.