கணனியின் பதிவேட்டில் ஒரு குடும்பம்

விதை நெல் பங்கிட்ட ஒரு மாலைப்பொழுதை நாம் இன்னும் மறக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்து முகாமிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த கமக்காரக் குடும்பங்களின் விபரங்களை அப்பொழுது மூன்று கொப்பிகளில் எழுதி வைத்திருந்தோம். முதலாவது கொப்பி, வந்து சேர்ந்த நாள் ஒழுங்கில். இரண்டாவது, சொந்தக் கிராமங்களின்படி. மூன்றாவதில் வயற்காணி உள்ளவர்கள் மட்டும். விதை நெல் மூன்றாவது கொப்பியைப் பார்த்தே வழங்கப்பட்டது. எல்லாம் முடிந்து சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த வேளை ஒரு தாய் வந்து நின்றார்.

"சுவாமி, எங்கட பேரைக் கூப்பிடேல்லை. நாங்கள் பட்டியலில இல்லையோ?"

தேடினோம். முதலாம் கொப்பியில் அவருடைய குடும்பம் கணவரின் பெயரில் இருந்தது. இரண்டாம் கொப்பியில் தகப்பனாரின் பெயரில் இருந்தது. மூன்றாம் கொப்பியில் உறுதி இலக்கம் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தபடியால், காணி இல்லாதவர் என்று எண்ணி எம்மில் ஒருவர் அந்த வரியை வெட்டிவிட்டிருந்தார். காணி இருந்தது. அவருடைய தாயார் சீதனமாகக் கொடுத்த 2 ஏக்கர் வயல். உறுதிதான் ஓடி வந்த வழியில் தொலைந்துபோயிருந்தது. அதே நாளில் இன்னொரு குடும்பம், பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததால், இரண்டு மூடை நெல் பெற்றுச் சென்றது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. பிழை, விபரங்களை அடுக்கி வைத்த எம்முடையது.

இன்று கொப்பியின் இடத்தைப் பெருமளவுக்குக் கணனி பிடித்துக்கொண்டது. கணனியில் ஏற்றிவிட்டால் இத்தகைய பிழைகள் வரமாட்டா என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கணனி, நாம் அடுக்கியபடியே வைத்திருக்கும். நாம் பிழையாக அடுக்கினால் அந்தப் பிழையையும் பத்திரமாக வைத்திருக்கும். ஆகையால் விபரங்களைக் கணனிக்குள் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வரும் ஒரு துறையாகும். அதன் சாரத்தை அறிந்து கொள்வது, படிவங்களை நிரப்பி நிரப்பிக் கைசலித்த எமது மக்களுக்குப் பயன்தரும் என நம்புகின்றோம்.

மரம்போல் அடுக்கிய காலம்

1960களில் அமெரிக்கா சந்திரனுக்கு மனிதரை அனுப்ப முயன்றுகொண்டிருந்தது. அந்த அப்பலோ திட்டத்தின் ரொக்கட்டுக்கு எண்ணற்ற உதிரிப்பாகங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கணக்கு வைப்பதற்காக ஐ.பீ.எம். நிறுவனம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற முறையை உருவாக்கியது. அது 1968இல் இயங்கத் தொடங்கியது. அதில் விபரங்கள் ஒரு மரத்தைப்போல் அடுக்கப்பட்டன. அடிமரம் ரொக்கட்; அதன் கிளைகள் பெரும்பகுதிகள்; கிளைகளின் கிளைகள் சிறுபகுதிகள்; நுனியில் ஆணியும் திருகும்.

ரொக்கட்டுக்கு இம்முறை பொருந்தியது. ஆனால் மனித வாழ்வு மரம் போன்றதன்று. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிராமங்களில் காணி இருக்கும். ஒரு காணிக்கு நான்கு சகோதரர்கள் பங்காளிகளாக இருப்பர். ஒரு கிணற்றில் மூன்று தோட்டத்தாருக்குப் பங்கு இருக்கும். குடும்பத்தை அடிமரமாக வைத்து அடுக்கினால், "இந்தக் கிணற்றில் பங்குள்ளோர் யார்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கித்தான் விடை காணவேண்டும். பங்குக்கிணற்றின் விபரத்தையும் மூன்று மரங்களில் மூன்று முறை எழுதவேண்டும். மூன்றில் ஒன்றைத் திருத்தி மற்ற இரண்டையும் மறந்தால் எது உண்மை?

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் பாச்மன் என்பவர் இதற்கு வேறொரு வழி கண்டார். ஒரு பதிவிலிருந்து பல பதிவுகளுக்கு வலைபோல் தொடுப்புகள் வைத்தார். கணனித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய ரியூரிங் விருது 1973இல் அவருக்குக் கிடைத்தது. எனினும் அந்த வலைக்குள் செல்ல வழி தெரிந்த மாலுமி ஒருவர் வேண்டும். எந்தத் தொடுப்பு எங்கே போகிறது என்று அறிந்த நிபுணரைத் தவிர வேறெவரும் கேள்வி கேட்க முடியாது.

கொட் கண்ட வழி

இந்நிலையை மாற்றியவர் எட்கார் கொட். இங்கிலாந்தில் 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பணிபுரிந்து, பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பீ.எம். நிறுவனத்தில் சேர்ந்த கணித அறிஞர் இவர். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள ஆய்வுகூடத்தில் இருந்தபோது, 1970ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். விபரத்தைப் பயன்படுத்துபவர், அது கணனிக்குள் எந்த மூலையில் எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியவேண்டிய தேவை இருக்கலாகாது என்பதே அதன் அடிப்படை. மரமும் வேண்டாம், வலையும் வேண்டாம். நிரையும் நிரலும் கொண்ட எளிய அட்டவணைகள் போதும் என்றார் அவர்.

எமது கொப்பிகளை அவர் வழியில் எழுதிப் பார்ப்போம். நான்கு ஏடுகள் தேவைப்படும்.

முதலாவது, குடும்ப ஏடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம். இப்போது தங்கியிருக்கும் இடம்.

இரண்டாவது, ஆட்கள் ஏடு. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், பெயர், பிறந்த திகதி, எந்தக் குடும்ப இலக்கத்தைச் சேர்ந்தவர் என்பது.

மூன்றாவது, காணி ஏடு. ஒவ்வொரு காணிக்கும் ஓர் இலக்கம், கிராமம், பரப்பளவு, வயலா, தோட்டமா என்பது.

நான்காவது, உரிமை ஏடு. ஆளின் இலக்கம், காணியின் இலக்கம், அவருடைய பங்கு, உறுதியின் இலக்கம்.

இப்போது அந்தத் தாயின் காரியத்தைப் பார்ப்போம். ஆட்கள் ஏட்டில் அவருக்கென ஒரு நிரை உண்டு. கணவரின் பெயருக்குள்ளோ தகப்பனாரின் பெயருக்குள்ளோ அவர் மறைந்துபோகவில்லை. சீதன வயல் காணி ஏட்டில் ஒருமுறை மட்டும் உண்டு. இரண்டையும் உரிமை ஏட்டின் ஒரு வரி இணைக்கின்றது. குடும்பம் வேறு முகாமுக்கு மாறினால் குடும்ப ஏட்டில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். காணியின் வரியைத் தொடவேண்டியதில்லை. கிணற்றுக்கும் இப்படியே ஓர் ஏடு வைத்தால், முன்னர் கேட்ட கேள்விக்கு நொடியில் விடை கிடைக்கும். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்கவேண்டும். தொடர்புகளை இலக்கங்கள் காட்டவேண்டும். கொட்டின் போதனையைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

இது எமது நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் குடும்பங்களைத் தலைத் தோம்பிலும் காணிகளைக் காணித் தோம்பிலும் தனித்தனியே பதிந்தனர். ஆளும் காணியும் வெவ்வேறு பொருள்கள், அவற்றை ஒரே வரியில் திணிக்கலாகாது என்பதை அந்த எழுத்தர்களும் உணர்ந்திருந்தனர் போலும்.

கொட்டின் கருத்து உடனே ஏற்கப்படவில்லை. ஐ.எம்.எஸ். முறையால் நல்ல வருவாய் பெற்றுவந்த அவருடைய நிறுவனமே தயங்கியது. 1974இல் கொட்டும் பாச்மனும் ஒரு மாநாட்டில் நேருக்கு நேர் வாதிட்டனர். அதே ஆண்டில் டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்ற இருவர், அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான ஒரு மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. 1979இல் ஒரக்கிள் என்ற விற்பனைப் பொருளாகவும் இம்முறை வெளிவந்தது. 1981இல் கொட் ரியூரிங் விருது பெற்றார். 2003இல் அவர் காலமானார். வங்கிகளும் அரச திணைக்களங்களும் இன்று வைத்திருக்கும் பதிவுகளில் மிகப் பெரும்பகுதி அவர் காட்டிய அட்டவணைகளிலேயே இருக்கின்றது.

கட்டம் போடுபவரின் அதிகாரம்

அட்டவணைகள் நல்லவை. ஆனால் எந்தெந்த அட்டவணைகள் வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? 1976இல் பீற்றர் சென் என்ற அறிஞர் இதற்கு ஒரு வரைமுறையை வகுத்தார். கணனியைத் தொடுவதற்கு முன் கடதாசியில் படம் வரையுங்கள் என்றார். குடும்பம், ஆள், காணி போன்ற பொருள்களுக்குச் சதுரக் கட்டங்கள். "உரிமை", "குத்தகை" போன்ற தொடர்புகளுக்குச் சாய்சதுரங்கள். இடையே கோடுகள். கணனி அறியாத கமக்காரரும் இப்படத்தைப் பார்த்து, "இது பிழை, ஒரு வயலை இரண்டு பேர் குத்தகைக்குச் செய்வதுண்டு" என்று சொல்லலாம். இதுவே அதன் பெருநன்மை.

1978இல் ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கென்ற் என்பவர் தாம் எழுதிய நூலில் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்பினார். "ஒரு பொருள்" என்பது எது? எமது வாழ்வில் வைத்துப் பாருங்கள். ஒரே கொட்டிலில் தனித்தனி அடுப்பு மூட்டும் இரண்டு சகோதரர்கள் ஒரு குடும்பமா, இரண்டா? கணனிக்குத் தெரியாது. படிவத்தை வரைந்தவர் தீர்மானிக்கின்றார். அத்தீர்மானத்தின்படியே அரிசி வரும், வீடு வரும்.

ஆள் ஒருவரே என்பதைக் கண்டுகொள்வதும் எளிதன்று. பெயரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதும்போது ஒவ்வோர் எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். தேசிய அடையாள அட்டையின் இலக்கமும் மாறியது. முன்னர் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தில் ஒருமுறையும் புதிய இலக்கத்தில் ஒருமுறையும் பதியப்பட்டவர், கவனமில்லாத கணனிக்கு இரண்டு ஆட்கள்.

2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது இச்சிக்கல் நாடு முழுவதும் தலைதூக்கியது. அப்போது இலங்கையின் கணனித் துறையினர் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களுள் "சஹானா" என்ற முறையை உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர், உதவி நிறுவனங்கள், முகாம்கள், தேவைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. எவரும் இலவசமாக எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி அது விடப்பட்டது. 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் அது பயன்பட்டது.

வெற்றுக் கட்டத்தின் பொருள்

இனி, எம்மை வருத்திய அந்த வெறுமையான கட்டத்துக்கு வருவோம். உறுதி இலக்கம் எழுதப்படவில்லை. அதற்குப் பொருள் என்ன? காணியே இல்லை என்பதா? காணி உண்டு, உறுதி தொலைந்தது என்பதா? கேட்க மறந்துவிட்டோம் என்பதா? மூன்றும் வெவ்வேறு உண்மைகள். வெற்றிடம் ஒன்றே.

கொட் இதையும் ஆராய்ந்தார். "ஆம்", "இல்லை" என்ற இரண்டோடு "தெரியாது" என்ற மூன்றாவது விடைக்கும் கணனியில் இடம் வேண்டும் என்று 1979இல் எழுதினார். பின்னர் இன்னும் நுணுக்கமாக, "விபரம் உண்டு, ஆனால் எமக்குக் கிடைக்கவில்லை" என்பதற்கு ஓர் அடையாளமும், "இவருக்கு அந்த விபரம் பொருந்தாது" என்பதற்கு வேறோர் அடையாளமும் வேண்டும் என்றார். இதனால் குழப்பமே கூடும் என்று எதிர்த்த அறிஞர்களும் உண்டு. விவாதம் எவ்வாறாயினும், கண்ட பயன் ஒன்று: தெரியாததை இல்லாததாக எழுதுவது அநீதி.

இது வெறும் கணனி நுணுக்கமன்று என்பதைக் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் நன்கறிவர். ஒருவர் உயிரோடு இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார் என்ற இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில் அந்த மனைவி எதை நிரப்புவார்? 2016இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதைக் கூறும் ஒரு சான்றிதழைப் பெற வழி செய்தது. அவர் எங்கே என்ற கேள்விக்கு அது விடையன்று. ஆயினும், "தெரியாது" என்ற உண்மைக்குப் பதிவேட்டில் ஓர் இடம் கிடைத்தது.

அடுத்த போகத்துக்கு நாம் கொப்பிகளைப் புதிதாக எழுதினோம். காணி தனியே, ஆட்கள் தனியே. உறுதி இல்லாதவரின் கட்டத்தில் "தொலைந்தது" என்றோ "இன்னும் கேட்கவில்லை" என்றோ எழுதினோம். எழுதியதை அவரவருக்கு வாசித்துக் காட்டினோம். அந்தத் தாய் இரண்டு திருத்தங்கள் சொன்னார், இரண்டும் சரியானவை. அம்முறை அவருக்கு விதை நெல் கிடைத்தது. தவறிய போகத்தை எம்மால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் பெயரையும் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பழைய, புதிய அட்டை இலக்கங்கள் இரண்டையும் குறியுங்கள்.

2. காணிகளுக்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். கிராமம், பரப்பளவு, எல்லைகள், பங்காளிகள், உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுதுங்கள்.

3. எந்தப் படிவத்திலும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். "தொலைந்தது", "தெரியாது", "பொருந்தாது" என ஏற்றதை எழுதுங்கள்.

4. கொடுத்த படிவத்தின் பிரதியையும் திகதியையும் வைத்திருங்கள். உங்களைப் பற்றிப் பதிந்திருப்பதை வாசித்துக் காட்டும்படி பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.

கமக்காரர் சங்கத்தில் கலந்துரையாட

எமது சங்கப் பதிவேட்டில் ஒரே விபரம் எத்தனை இடங்களில் எழுதப்பட்டுள்ளது? பெண்களின் பெயரில் உள்ள காணிகள் அதில் தெரிகின்றனவா? எவருடைய கட்டம் வெறுமையாக இருக்கின்றது, ஏன்?