காத்திருப்பும் காதலும்: பார்க்க வேண்டிய நான்கு பழைய ஹொலிவூட் படங்கள்

இவ்வளவும் நடந்த பிறகு காதல் படம் பார்க்கிற மனநிலை எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1940களின் ஹொலிவூட் காதல் படங்கள் பலவற்றில் காதலர்களைப் பிரிப்பது யுத்தமே. எல்லை, பயண அனுமதி, தவறாக வந்த மரணச் செய்தி என்பவைதான் அவற்றின் கதை. அப்படியான மூன்றையும், மனதை இலேசாக்கும் இன்னொன்றையும் நான் பரிந்துரைக்கிறேன்.

கசபிளங்கா (1942): நாஸிகளிடமிருந்து தப்பியவர்கள் லிஸ்பன் வழியாக அமெரிக்கா போவதற்காக மொரோக்கோவில் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே மதுச்சாலை நடத்தும் ரிக்கின் முன் பழைய காதலி இல்சா கணவனோடு வந்து நிற்கிறாள். கணவன் இறந்துவிட்டான் என்று நம்பியிருந்த காலத்தில்தான் அவள் ரிக்கைக் காதலித்தாள். இருப்பதோ இரண்டு பேருக்கான அனுமதிப் பத்திரம். நடித்தவர்களிலும் பலர் உண்மையான அகதிகள். பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சியில் கண்ணீர்விடும் மடலீன் லெபோ, 1940இல் பாரிஸிலிருந்து தப்பி வந்தவர்.

வாட்டர்லூ பிரிட்ஜ் (1940): முதலாம் உலகப் போர்க்கால லண்டன். நடனக்காரி மைரா (விவியன் லீ), பத்திரிகையில் வந்த இறந்தோர் பட்டியலில் காதலன் ரோயின் பெயரைக் காண்கிறாள். வறுமை அவளை விபசாரத்தில் தள்ளிய பிறகு, அவன் உயிரோடு ரயிலில் வந்திறங்குகிறான். பட்டியல்களில் பெயர் தேடியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. முடிவு மிகக் கனமானது. மனம் சோர்ந்த நாளில் இதைப் பார்க்க வேண்டாம்.

த பெஸ்ட் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ் (1946): போர் முடிந்து வீடு திரும்பும் மூவரின் கதை. ஹோமருக்கு இரு கைகளும் இல்லை, கொக்கிகள்தான். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹரல்ட் ரஸல், 1944இல் இராணுவப் பயிற்சியின்போது நடந்த வெடிப்பில் உண்மையாகவே இரு கைகளையும் இழந்தவர். ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஒஸ்கார் விருதுகள் பெற்றார். கொக்கிகளைக் கழற்றினால் தான் எவ்வளவு இயலாதவன் என்பதை ஹோமர் வில்மாவுக்குக் காட்டுகிறான். அவள் அவனது சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிடுகிறாள். உறுப்பிழந்தவரை அனுதாபத்துக்குரியவராக மட்டும் காட்டாமல், விரும்பப்படும் மனிதராகக் காட்டிய படம் இது.

ரோமன் ஹொலிடே (1953): இதுவும் அதே இயக்குநர் வில்லியம் வைலருடையது. தன் நாட்டுத் தூதரகத்திலிருந்து நழுவிய இளவரசி ரோம் நகரில் ஒருநாள் சுற்றுகிறாள். கூடச் செல்லும் பத்திரிகையாளன் அவளை விற்பனைச் செய்தியாகப் பார்க்கத் தொடங்கி, பின் மனம் மாறுகிறான். இளவரசியாக நடித்த ஓட்ரி ஹெப்பர்ன், சிறுமியாக இருந்தபோது நெதர்லாந்தில் ஜேர்மன் ஆக்கிரமிப்பையும் பட்டினியையும் கண்டவர். கதையை எழுதிய டோல்டன் ட்ரம்போ அரசியல் காரணங்களால் தடைப்பட்டியலில் இருந்ததால், திரையில் அவர் பெயர் போடப்படவில்லை. அவருக்குரிய ஒஸ்கார், இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1993இல்தான் வழங்கப்பட்டது.

நான்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வசனம் வேகமாக ஓடும், ஆங்கில எழுத்துகளோடு பார்த்தால் இலகுவாக விளங்கும். பிள்ளைகளோடு இருந்து பார்ப்பதென்றால் ரோமன் ஹொலிடேயில் தொடங்குங்கள். வீட்டில் போரிலிருந்து திரும்பிய ஒருவர் இருந்தால், பெஸ்ட் இயர்ஸை அவரோடு சேர்ந்து பாருங்கள்.